மீண்ட உயிரும் மீளும் நினைவும்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறது. நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பேணுபவர் என்பன அந்நான்கு. மருத்துவ வரலாற்று நூல்களில் முதல் மூன்றும் பெற்ற இடத்தை நான்காம் கூறு பெறவில்லை. மருந்தைக் கண்டவர் பெயர் நிற்கிறது. அதைப் பாலாடையில் ஊற்றிப் புகட்டியவர் பெயர் நிற்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தோன்றிய தீவிர சிகிச்சைப் பிரிவு, மருத்துவரின் ஆற்றலையும் மருந்தின் ஆற்றலையும் முன்னெப்போதும் இல்லாத உயரத்திற்குக் கொண்டு சென்றது. ஆனால் அருகிலிருந்து பேணும் உறவினரை அது கதவுக்கு வெளியே நிறுத்தியது. உயிர் பிழைத்தோர் பலர் நினைவு குன்றி வீடு திரும்பினர் என்ற உண்மை, பல ஆண்டுகள் கழித்தே மருத்துவ உலகின் கவனத்திற்கு வந்தது. அந்த நினைவை மீட்க இன்று முயலும் கருவிகளுள் ஒன்று ‘மெய்நிகர் காட்சி’. கண்ணில் பொருத்திய கருவியின் வழியே, இல்லாத ஓரிடத்தை இருப்பதுபோல் காட்டி, அதனுள் நோயாளியை உலவச் செய்யும் முறை அது. இம்முறை உருவான வரலாறும், கிள்ளான் பள்ளத்தாக்கின் பட்டறிவு அதற்குச் சேர்க்கக்கூடிய செய்தியும் இங்கு ஆராயப்படுகின்றன.

சன்னி என்னும் பழஞ்சொல்

கடுங்காய்ச்சலில் நோயாளி இடமும் காலமும் மறந்து பிதற்றும் நிலையைத் தமிழர் ‘சன்னி’ என்றனர். பேச்சு வழக்கில் அது ‘ஜன்னி’ ஆயிற்று. சித்த மருத்துவ மரபு அதனைப் பதின்மூன்று வகையாகப் பிரித்துக் கூறும். மேலை மருத்துவம் ‘டெலிரியம்’ என்று குறிப்பதும் பெரிதும் இந்நிலையையே ஆகும். சன்னி கண்டவரைத் தனியே விடலாகாது என்பது நம் மூதாட்டியர் அறிந்த மருத்துவம். பெயர் சொல்லி அழைப்பதும், நெற்றியில் கை வைப்பதும், வந்திருப்பவர் இன்னார் என்று எடுத்துச் சொல்வதும் அவர்தம் முறைகள்.

கிள்ளானுக்குக் காய்ச்சலும் சன்னியும் புதியவை அல்ல. 1901ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளான் மாவட்டப் பொறுப்பை ஏற்றபோது, மலேரியா அவ்வூரை வாட்டிக்கொண்டிருந்தது. அதே ஆண்டில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹம் துறைமுகமும் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) அந்நோய்க்கு ஆளாயிற்று. சதுப்பு நிலங்களை வடியச் செய்து கொசுவின் பெருக்கத்தை அடக்கினார் வாட்சன். பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் அம்முறை விரிந்தது. தோட்டங்களில் உழைத்த தமிழரின் உயிர்களைக் காத்த பணிகளுள் அது முதன்மையானது. அக்காலத்தில் வினா ஒன்றே: உயிர் தங்குமா, தங்காதா? மலேரியா மூளையைத் தாக்கிய பின்பு பிழைத்தெழுந்தவர் பழைய மனிதராக எழுந்தாரா என்று கேட்க அன்று நேரமும் இல்லை, கருவியும் இல்லை.

தீவிர சிகிச்சையின் பிறப்பு

1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பெருவாரியாகப் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் அந்நகரின் பிளெக்டம் மருத்துவமனையில் குவிந்தனர். இரும்பு நுரையீரல் எனப்பட்ட கருவிகள் போதவில்லை. மயக்க மருந்து வல்லுநரான பியோன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் முறையை அங்குப் புகுத்தினார். ஏறத்தாழ 1,500 மருத்துவ, பல்மருத்துவ மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் அப்பைகளை அழுத்தினர். இறப்பு விகிதம் பெரிதும் வீழ்ந்தது. அடுத்த ஆண்டிறுதியில், அதே நகரின் மற்றொரு மருத்துவமனையில், கடும் நோயாளிகளை ஒரே இடத்தில் வைத்துக் காக்கும் தனிப்பிரிவை இப்சன் அமைத்தார். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் முன்னோடி அதுவே எனலாம்.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1952இல் ஒவ்வொரு நோயாளியின் தலைமாட்டிலும் ஒரு மாணவர் அமர்ந்திருந்தார். அவர் மூச்சு மட்டும் தரவில்லை; துணையும் தந்தார். எந்திரங்கள் வந்தபின் அந்த மாணவர் விலகினார். எந்திரம் சோர்வதில்லை என்பது பெருநன்மை. ஆயினும், எந்திரம் நோயாளியைப் பெயர் சொல்லி அழைப்பதும் இல்லை.

மலேசியாவின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு 1968இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கப்பெற்றது. அதே காலப்பகுதியில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையும் பந்தாய் பள்ளத்தாக்கில் எழுந்தது. அப்பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவராக விளங்கியவர் பேராசிரியர் டி. ஜே. தனராஜ். மருத்துவக் கல்வியை இந்நாட்டு மண்ணில் வேரூன்றச் செய்தவர்களுள் அவர் முன்வரிசையில் நிற்பவர். பிரிக்பீல்ட்சிலிருந்து சிறிது தொலைவிலேயே அமைந்த அம்மருத்துவமனை, முப்பது ஆண்டுகள் கழித்து உலகமே உற்றுநோக்கிய ஒரு சோதனைக்கு ஆளாயிற்று.

1999: நிப்பா தந்த பாடம்

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் பணியாற்றியோரிடையே மூளைக்காய்ச்சல் தோன்றியது. அதனை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினர். கொசு ஒழிப்பும் தடுப்பூசியும் மேற்கொள்ளப்பட்டன, நோய் அடங்கவில்லை. நோயுற்ற பன்றிகள் இடம் மாற்றப்பட்டபோது, நோயும் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா ஆகிய சிற்றூர்களுக்குப் பரவிற்று. பண்ணை உரிமையாளராகிய சீனரும், அவர்களிடம் கூலிக்கு உழைத்த இந்தியரும் நோயுற்றனர். பலர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர்.

அங்கு நுண்ணுயிரியல் ஆய்வாளராக இருந்த சுவா காவ் பிங், நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து ஒரு நச்சுயிரியைப் பிரித்தெடுத்தார். 1999 மார்ச்சில் அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்தபோது, அது உலகம் அதுகாறும் அறியாத நச்சுயிரி என்பது புலப்பட்டது. சுங்கை நிப்பா என்ற சிற்றூரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டபின் நோய் அடங்கியது.

1999 பிப்ரவரி முதல் ஜூன் வரை அப்பல்கலைக்கழக மருத்துவமனையில் பார்க்கப்பட்ட 94 நோயாளிகளைப் பற்றிய அறிக்கை மறு ஆண்டில் வெளியாயிற்று. அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் சுயநினைவு மங்கிய நிலையை அடைந்தவர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்தனர். 53 விழுக்காட்டினர் முற்றிலும் நலம் பெற்றனர். எஞ்சிய 15 விழுக்காட்டினர் நரம்புக் குறைபாடுகளோடு வீடு திரும்பினர். கதை அத்துடன் முடியவில்லை. நலம் பெற்றுச் சென்றோருள் சிலருக்கு, மாதங்கள் கடந்தபின் மூளைக்காய்ச்சல் மீண்டும் வந்தது. தொடக்கத்தில் மூளைக்காய்ச்சலே காணாத சிலருக்கும் அது காலந்தாழ்த்தித் தோன்றியது. மருத்துவர்கள் அவர்களைத் தொடர்ந்து கண்காணித்ததனால் இவை வெளிப்பட்டன.

நிப்பாவில் மூளையைச் சிதைத்தது நச்சுயிரியே. தீவிர சிகிச்சை அன்று. இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது. ஆயினும் பந்தாய் பள்ளத்தாக்கு அவ்வாண்டில் கற்ற பாடம் பொதுவானது. மருத்துவமனையின் வாயிலைக் கடந்து நோயாளி வெளியேறும் நாள் நோய் முடியும் நாள் ஆகாது. வீட்டுக்குச் சென்றவரையும் தொடர்ந்து பார்த்தாலன்றி, மூளைக்கு நேர்ந்ததை அறிய முடியாது.

அறிதிறன் இழப்பு அறியப்பட்ட விதம்

அதே 1999இல், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ரமோனா ஹாப்கின்ஸ் என்னும் உளவியலறிஞரும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நுரையீரல் கடுமையாகப் பழுதடைந்து, செயற்கைச் சுவாசத்தால் பிழைத்த 55 பேரை அவர்கள் ஓராண்டு காலம் தொடர்ந்தனர். ஓராண்டின் முடிவிலும் 30 விழுக்காட்டினரிடம் பொதுவான அறிதிறன் தாழ்வு காணப்பட்டது. இவர்கள் மூளை நோயாளிகள் அல்லர், நுரையீரல் நோயாளிகள். மூளை எவ்வாறு பழுதுற்றது என்ற வினா அப்போது கூர்மையுற்றது.

2013இல் நாஷ்வில் நகர ஆய்வாளர்கள் 821 நோயாளிகளைக் கொண்டு அவ்வினாவை மேலும் தெளிவாக்கினர். அவர்களுள் 74 விழுக்காட்டினர் மருத்துவமனையில் இருந்தபோது சன்னி நிலைக்கு ஆளாயினர். மூன்று மாதங்களுக்குப் பின் சோதித்தபோது, 40 விழுக்காட்டினரின் அறிதிறன், மிதமான தலைக்காயம் பட்டவர்களின் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. 26 விழுக்காட்டினர் இலேசான அல்சைமர் நோயாளருக்கு ஒப்பாக இருந்தனர். ஓராண்டு சென்றும் இவ்விகிதங்கள் முறையே 34, 24 என்ற அளவிலேயே நின்றன. முதியவர் மட்டுமன்றி இளையவரும் இதற்கு ஆளாயினர். சன்னி எத்தனை நாள் நீடித்ததோ, அத்துணைக்கு அறிதிறன் தாழ்வும் மிகுந்தது.

காரணங்கள் பல. இரத்தத்தில் கிருமி பரவி எழும் அழற்சி, உயிர்வளிக் குறைவு, நீண்ட மயக்க மருந்து, உறக்கமின்மை ஆகியன அவற்றுள் சில. அப்பிரிவுகளில் இரவும் பகலும் ஒரே வெளிச்சம். எந்திரங்களின் ஓயாத ஒலி. தொண்டையில் குழாய் இருப்பதால் பேச இயலாமை. குழாயைப் பிடுங்காதிருக்கக் கைகளைக் கட்டுவதும் உண்டு. இந்நிலையில் மயங்கிய மனம் தானே ஒரு கதையைப் புனைந்துகொள்கிறது. தம்மைச் சிறைபிடித்திருப்பதாகவும், நஞ்சூட்ட முனைவதாகவும் நோயாளிகள் நம்புகின்றனர். நலம் பெற்றபின் நடந்தது மறந்துபோகிறது. நடவாத அக்கற்பனை மட்டும் நினைவில் நிற்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த கிறிஸ்டினா ஜோன்ஸ் முதலியோர் 2001இல் காட்டிய உண்மை இது: உண்மை நினைவுகளைவிட, இத்தகைய பொய் நினைவுகளே பிற்காலத்தில் மனத்தை மிகுதியும் அலைக்கழிக்கின்றன.

இவ்வாறு தீவிர சிகிச்சைக்குப் பின் உடல், அறிதிறன், மனம் ஆகிய மூன்றிலும் எஞ்சும் குறைகளுக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டும் என்று 2010இல் அமெரிக்காவில் கூடிய வல்லுநர் கருதினர். அதன் பயனாக ‘தீவிர சிகிச்சைக்குப் பிந்திய நோய்த்தொகுதி’ என்னும் பொருள்படும் பெயர் 2012 முதல் நூல்களில் நிலைபெற்றது. முதல் பிரிவு தோன்றி அறுபது ஆண்டுகள் கழிந்தே அதன் பின்விளைவுக்குப் பெயர் கிடைத்தது.

நாட்குறிப்பும் குரலும்

நான்காம் கூறினை மீண்டும் உள்ளே அழைக்கும் முயற்சி, எளிய பொருளான ஒரு நாட்குறிப்பில் தொடங்கிற்று. வட ஐரோப்பிய நாடுகளின் தாதியர், மயங்கிக் கிடக்கும் நோயாளிக்காக நாள்தோறும் நிகழ்ந்தவற்றை எழுதி வைத்தனர். உறவினரும் எழுதினர். கண் விழித்தவர் பின்னாளில் அதைப் படித்து, இழந்த நாட்களை ஒழுங்குபடுத்திக்கொண்டார். 2010இல் ஆறு ஐரோப்பிய நாடுகளில் 352 நோயாளிகளிடம் நிகழ்த்திய சோதனையில், நாட்குறிப்பைப் பெற்றோரிடம் புதிதாகத் தோன்றிய மன அதிர்ச்சி நோய் 5 விழுக்காடாகவும், பெறாதோரிடம் 13 விழுக்காடாகவும் இருந்தது. எனினும் 2019இல் பிரான்சின் 35 பிரிவுகளில் நிகழ்ந்த பெரிய சோதனை இத்தகைய வேறுபாட்டைக் காணவில்லை. அறிவியலில் ஒரு நற்செய்தி மறுசோதனையில் நிலைபெறாமல் போவது புதுமை அன்று.

2017இல் அமெரிக்காவின் புளோரிடாவில் நிகழ்ந்த ஒரு சிறு சோதனையும் கருதத்தக்கது. தீவிர சிகிச்சையில் இருந்த 30 நோயாளிகளை அது மூன்று பிரிவாக்கியது. ஒரு பிரிவினர், தாம் எங்கிருக்கிறோம், என்ன நேர்ந்தது என்று விளக்கும் சொற்களைத் தம் குடும்பத்தார் குரலிலேயே ஒலிப்பதிவில் கேட்டனர். மற்றொரு பிரிவினர் அதே சொற்களை அயலார் குரலில் கேட்டனர். மூன்றாம் பிரிவினர்க்கு ஒலிப்பதிவே இல்லை. சன்னியற்ற நாட்கள் குடும்பக் குரல் கேட்டவர்க்கே மிகுந்திருந்தன. முப்பது பேரைக் கொண்டு முடிவு கட்டலாகாது. ஆயினும், அருகிருந்து பெயர் சொல்லி அழைக்கும் பழைய முறையை ஆய்வுக்கூடம் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது என்பதற்கு அது சான்று.

மெய்நிகர் காட்சியின் வருகை

கோலாலம்பூரில் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு அமைந்த அதே 1968இல், அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து என்னும் கணினி அறிஞர் தலையில் அணியும் காட்சிக் கருவி ஒன்றைச் செய்தார். அதன் எடை மிகுதியால் கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பிற்று. 1980களில் ஜாரன் லனியர் என்பவர் இத்துறைக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரைப் பரப்பினார். 1990களில் சியாட்டல் நகரில் ஹன்டர் ஹாப்மன் முதலியோர், தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது நோயாளியை ஒரு கற்பனை உலகில் உலவவிட்டனர். கவனம் அங்குச் சென்றதால் வலியுணர்வு தணிந்தது. போர்ப்பயிற்சிக்கும் விளையாட்டுக்கும் எனக் கருதப்பட்ட கருவி, மருத்துவமனைக்குள் அவ்வழியே நுழைந்தது.

தீவிர சிகிச்சையில் இதன் பயன் இருவகைப்படும். முதல்வகை, அறிதிறனுக்குப் பயிற்சி அளிப்பது. ஸ்பெயினின் சபடெல் நகர மருத்துவமனை ஆய்வாளர்கள், படுக்கையில் இருக்கும்போதே நோயாளியின் கவனத்தையும் நினைவையும் தூண்டும் பயிற்சிகளைத் திரையில் ஓர் உருவம் வழிநடத்துமாறு அமைத்தனர். 2017இல் 20 நோயாளிகளிடம் அதைச் செய்து, இம்முறை பாதுகாப்பானது, செய்யக்கூடியது என்று அறிவித்தனர். நினைவு முழுதும் மீண்டது என்று அவர்கள் கூறவில்லை.

இரண்டாம் வகை, இழந்த நாட்களை விளக்குவது. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகர மருத்துவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவையே மெய்நிகர் காட்சியாகப் படம் பிடித்தனர். நலம் பெற்றவர் கருவியை அணிந்து, தாம் கிடந்த அறையையும் எந்திரங்களையும் மருத்துவக் குழுவையும் அமைதியாகப் பார்க்கிறார். ஒவ்வொன்றும் எதற்காக என்று ஒரு குரல் விளக்குகிறது. பயங்கரக் கனவாக இருந்தது, பொருளுள்ள நிகழ்ச்சியாக மாறுகிறது. கிருமித்தொற்றில் பிழைத்த 50 பேரிடம் செய்து 2021இல் வெளியிட்ட சோதனையில் மனச்சோர்வும் அதிர்ச்சியும் குறைந்தன. கொரோனாவில் பிழைத்தோரிடம் செய்து 2022இல் வெளியிட்ட சோதனையிலோ மனநலக் குறியீடுகளில் தெளிவான வேறுபாடு இல்லை. ஆனால் சிகிச்சைக்குப் பிந்திய கவனிப்பைப் பற்றிய மனநிறைவு உயர்ந்தது. ஆகவே இக்கருவி மாமருந்து என்பதும் தவறு. வெறும் விளையாட்டு என்பதும் தவறு. ஆய்வு நடந்துகொண்டிருக்கும் ஒரு துணைக்கருவி என்பதே சரி.

கதவடைத்த காலம்

நான்காம் கூறின் அருமையைக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுமையாக உணர்ந்தது கொரோனா காலத்தில்தான். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. சுங்கை பூலோ மருத்துவமனை கொரோனாவுக்கென்றே ஒதுக்கப்பட்டது. 2021 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கிள்ளானின் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை உட்படப் பள்ளத்தாக்கின் மருத்துவமனைகள் நோயாளிகளால் நிரம்பி வழிந்தன. 2021 ஆகஸ்டு 26ஆம் நாள் மட்டும் நாடெங்கும் 24,599 புதிய தொற்றுகள் பதிவாயின.

தொற்றைத் தடுக்க உறவினர் வருகை நிறுத்தப்பட்டது. அது தவிர்க்கவியலாத முடிவு. முகமும் உடலும் மூடிய உடையில் வந்த தாதியரையும் மருத்துவரையும் நோயாளி அடையாளம் காண முடியவில்லை. தாதியர் சிலர் கைப்பேசியைக் கண்முன் பிடித்து, வீட்டாரின் முகத்தையும் குரலையும் காட்டினர். பெரும் பொருட்செலவில் ஆய்வுக்கூடங்கள் செய்ய முனைந்த வேலையைத் தாதியரின் இரக்கம் ஒரு கைப்பேசியால் செய்தது. திரையின் வழியே வந்த தாயின் குரலும் ஒரு வகையில் மெய்நிகர்க் காட்சியே. அதன் ஆற்றல் கருவியில் இல்லை; அதில் தோன்றிய முகத்திலும், பேசிய மொழியிலும் இருந்தது.

எவ்வுலகம், எம்மொழி?

இங்குத்தான் தமிழாசிரியர்க்கும் தமிழ் மாணவர்க்கும் உரிய வினா எழுகிறது. மீளும் நினைவை எந்த உலகத்திற்குள் அழைப்பது? எம்மொழியில் அழைப்பது?

அறிதிறனை அளக்க உலகெங்கும் வழங்கும் சோதனைகளுள் ஒன்று, கனடாவின் மொன்றியல் நகரில் உருவாகி 2005இல் வெளியானது. கடிகாரம் வரைதல், விலங்குகளின் பெயர் கூறல், ஐந்து சொற்களை நினைவில் வைத்துச் சிறிது நேரம் கழித்துச் சொல்லல் ஆகியவை அதன் பகுதிகள். மூல வடிவில் அவ்வைந்து சொற்களுள் வெல்வெட் துணியும் டெய்சிப் பூவும் இடம்பெற்றன. தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி, தமிழ்ப்பள்ளியில் சில வகுப்புகளே படித்த ஒரு மூதாட்டி டெய்சிப் பூவை நினைவில் வைக்காமற் போனால், அது நினைவின் குறையா, சோதனையின் குறையா? அவரிடம் மல்லிகை என்று சொல்லியிருந்தால் விடை வேறாக இருந்திருக்கலாம். இவ்வுண்மையை உணர்ந்து, அச்சோதனையின் தமிழ் வடிவத்தை இலங்கை ஆய்வாளர்கள் சரிபார்த்து 2020இல் வெளியிட்டனர். வழிகாட்டத்தக்க முயற்சி அது. எனினும் யாழ்ப்பாணத் தமிழர்க்கு இயல்பான சொல் அனைத்தும் கிள்ளான் தமிழர்க்கு இயல்பாகிவிடா. பசியாறுதல், பிரட்டு, லயம், பால்மரம் முதலிய சொற்களின் பின்னால் இந்நாட்டுத் தமிழரின் வாழ்வு நிற்கிறது.

சோதனைக்கு ஏற்பட்ட இந்நிலை மெய்நிகர்க் காட்சிக்கும் பொருந்தும். ஐரோப்பாவில் படம்பிடித்த காட்சியில் பனி மலையும் ஊசியிலைக் காடும் வரும். அவை அழகியவையே, வலியை மறக்கச் செய்ய அவை போதும். நினைவை மீட்க அவை போதா. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியின் பாலபாடம். இழந்த நினைவைத் திரட்டும் மனமும் ஒரு மாணாக்கனே. அது தெரிந்த தெருவில் தொடங்க விரும்பும்.

பிரிக்பீல்ட்சின் துன் சம்பந்தன் சாலையும், ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோவிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் பூக்கடைகளும் அத்தகைய தெருக்கள். அச்சாலையில் ஒரு கடைக்குச் சென்று மூன்று பொருள்களை வாங்கிக் கணக்குப் பார்த்துத் திரும்புமாறு மெய்நிகர் காட்சியில் பயிற்சி அமைக்கலாம். கவனம், நினைவு, திட்டமிடல் மூன்றுக்கும் அதில் வேலை உண்டு. கடைக்காரர் பேசும் தமிழ் கிள்ளான் தமிழாக இருத்தல் வேண்டும். இன்று இல்லாத இடங்களையும் இக்கருவி எழுப்பவல்லது. இரயில்வே தொழிலாளர் வாழ்ந்த பிரிக்பீல்ட்சின் ‘நூறு குவார்ட்டர்ஸ்’ குடியிருப்பு இடிக்கப்பட்டுவிட்டது. ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் கொடுத்தன. முதியவரின் ஆழ்ந்த நினைவுகளோ அவ்விடங்களில்தான் குடியிருக்கின்றன. அவற்றைப் பற்றிய பழைய ஒளிப்படங்களும் வாய்மொழிச் செய்திகளும் குடும்பங்களின் பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றைத் தொகுப்பது வரலாற்றுப் பணி என்று மட்டுமே இதுவரை எண்ணப்பட்டது. அது மருத்துவப் பணியும் ஆகலாம்.

செய்யத்தக்கது

இதற்கு வேண்டிய உறுப்புகள் பள்ளத்தாக்கிலேயே உள்ளன. மருத்துவப் புலமும் மருத்துவமனையும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. 1956இல் தோன்றிய இந்திய ஆய்வியல் துறையும் அதே பல்கலைக்கழகத்தில் உள்ளது. நாட்டின் தமிழ் வானொலிக் குரல் ஒலிக்கும் அங்காசாபுரியும் பந்தாய் பள்ளத்தாக்கிலேயே அமைந்திருக்கிறது. மறுவாழ்வுச் சிகிச்சைக்கென அரசு நிறுவிய மருத்துவமனை ஒன்று 2012 முதல் செராசில் இயங்குகிறது. இவை தத்தம் வழியில் இயங்குகின்றன. இவற்றை ஒருங்கே அமர்த்தி, இந்நாட்டுத் தமிழ்ச் சொற்களைக் கொண்ட ஓர் அறிதிறன் சோதனையையும், இந்நாட்டுத் தெருக்களைக் கொண்ட சில காட்சிகளையும் உருவாக்குவது இயலாத செயல் அன்று.

கருவி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவன், மருத்துவமனையில் கிடக்கும் தன் பாட்டிக்காக ஒரு குறிப்பேடு எழுதலாம். இன்று என்ன நாள், யார் வந்து பார்த்தார்கள், வீட்டு முற்றத்தில் எது பூத்தது என்று நாலு வரி போதும். எழுதியதைத் தன் குரலில் பதிந்து, தாதியின் இசைவோடு பாட்டியின் செவிக்கருகே ஒலிக்கச் செய்யலாம். கட்டுரைப் பயிற்சிக்கு இதனினும் பயனுள்ள தலைப்பை ஆசிரியர் தேட வேண்டியதில்லை. பாட்டி கண் விழிக்கும் நாளில், அவர் இழந்த நாட்கள் தமிழில் எழுதப்பட்டு அவர் கைக்கு வந்து சேரும்.